கை மாறினால் கெர்மிட் மாறுமா? மப்பெட் பொம்மைகளும் அவற்றை ஆட்டுபவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெர்மிட் தவளை, பிக் பேர்ட், எல்மோ, மிஸ் பிக்கி ஆகிய மப்பெட் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்தவர்களும், சொந்தமாகப் பொம்மை செய்து ஆட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. மையம் ஜிம் ஹென்சன் உருவாக்கிய அமெரிக்க மப்பெட்டுகள்தான்; கையை உள்ளே விட்டு ஆட்டும் தொலைக்காட்சிப் பொம்மைகள் இவை. வேறு மரபுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

கெர்மிட்டை இதுவரை எத்தனை பேர் ஆட்டியிருக்கிறார்கள்?

முழுப் பொறுப்பாக மூன்று பேர். ஜிம் ஹென்சன் 1955இல் தொடங்கி, 1990 மே 16 அன்று இறக்கும்வரை ஆட்டினார். அவருக்குப் பின் ஸ்டீவ் விட்மயர், 2016 வரை. 2017 முதல் மேட் வோகல். விட்மயரின் கையில் கெர்மிட் முதன்முதலாக மக்கள்முன் வந்தது 1990 நவம்பரில், ஹென்சனுக்கு அஞ்சலியாக ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில்.

ஹென்சனுக்கு 35 ஆண்டு, விட்மயருக்கு 26 ஆண்டு. 1985க்குப் பிறகு பிறந்த பலருடைய காதில் கெர்மிட் என்று பதிந்திருப்பது விட்மயரின் குரல்தான். "பழைய குரல்தான் அசல்" என்று சண்டைக்குக் கிளம்புமுன் எந்தப் பழைய குரல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

குரலை அப்படியே பிடித்துவிட்டால் போதாதா? நல்ல மிமிக்ரி கலைஞர் யாரையாவது வைத்துக்கொள்ளலாமே?

போதாது. மிமிக்ரி கலைஞருக்குத் தெரிந்த வசனம் வேண்டும். கேட்பவருக்கும் அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கைதட்டல் விழும். பொம்மைக் கதாபாத்திரத்துக்கு நாள்தோறும் புது வசனம் வரும். கோபத்தில், கிசுகிசுப்பில், தும்மலில், பாட்டில், மூச்சு வாங்கும்போது அந்தக் குரல் எப்படி ஒலிக்கும் என்பதற்குப் பழைய பதிவுகளில் மாதிரி இருக்காது. குழந்தை ஒன்று எதிரே உட்கார்ந்து எதிர்பாராத கேள்வி கேட்டால் கதாபாத்திரமாகவே பதில் வர வேண்டும். அது தொண்டையின் வேலை அல்ல, மனப்பாங்கின் வேலை.

இன்னொன்று: மப்பெட் முறையில் குரல் கொடுப்பவரும் தலையை ஆட்டுபவரும் ஒருவரே. பேசும் மூச்சும் அசையும் கையும் ஓர் உடம்பிலிருந்து வருகின்றன. சிரிப்பில் விலா குலுங்கினால் முழங்கை குலுங்கும், முழங்கை குலுங்கினால் தவளை குலுங்கும். குரலை ஒருவரும் கையை இன்னொருவரும் பார்த்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஏதோ உயிரில்லை என்று மட்டும் தோன்றும்.

ஆள் மாறும்போது எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறார்கள். பார்க்க வேண்டியது கையை.

அப்படியென்றால் கெர்மிட்டின் தலைக்குள் என்னதான் இருக்கிறது?

எந்திரம் எதுவும் கிடையாது. கண் சுழலாது, இமை மூடாது, புருவம் இல்லை. துணித்தலைக்குள் நேராக மனிதக் கை. நான்கு விரல்கள் மேல்வாயில், கட்டைவிரல் கீழ்வாயில். தலை மெத்தென்று இருப்பதால் உள்ளே விரல் மடிந்தால் வெளியே முகம் சுருங்கும். விரல்களை உள்ளே இழுத்தால் உதட்டைக் கடித்துச் சங்கடப்படுவது போல் இருக்கும். விரல் கணுக்களை உயர்த்தினால் நெற்றி மேடேறும். நடுவிரலையும் கட்டைவிரலையும் ஒன்றோடொன்று அழுத்தினால் மொத்த முகமும் ஒரு புள்ளிக்குள் கசங்கும். கெர்மிட்டின் புகழ்பெற்ற அந்தக் கசங்கல் முகம் வெறும் முஷ்டிதான்.

அதனால் ஆட்டுபவரின் உள்ளங்கை அகலம், விரல் நீளம், கணுக்களின் தடிமன் எல்லாமே முகத்தில் தெரியும். அதே அச்சில் வெட்டி அதே துணியில் தைத்த பொம்மையை இருவர் மாட்டிக்கொண்டால் இரண்டு முகம் கிடைக்கும். கை சற்றுப் பெரிதாக இருந்தால் தலை உப்பி, முகச் சுருக்கங்கள் மறையும். சிறிதாக இருந்தால் துணி தொய்ந்து, வாய் மூடும்போது ஓரத்தில் பை விழும். இதைச் சரிசெய்ய உள்ளே ஃபோம் பட்டை வைத்து இறுக்குவது, மேல்வாய்ப் பகுதியில் விரல் நழுவாமல் எலாஸ்டிக் வளையம் தைப்பது என்று வழிகள் உண்டு. முகம் ஓரளவு சரியாகும், கை கைதான்.

மாறாகக் கெட்டியான வாய்த்தட்டும் தடித்த ஃபோம் தலையும் கொண்ட பொம்மைகளில் விரல் வேறுபாடு இவ்வளவு வெளிப்படாது. அங்கே அடையாளம் மணிக்கட்டின் வேகத்திலும் தலை திரும்பும் கோணத்திலும் இருக்கும். ஆள் மாற்றம் கெர்மிட்டில் உறுத்தும் அளவுக்கு வேறு பல பொம்மைகளில் உறுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கெர்மிட் தவளையே இல்லையாமே?

ஆமாம். 1955இல் வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் ஐந்து நிமிட நிகழ்ச்சிக்காக, தன் அம்மாவின் பழைய கோட்டுத் துணியில் ஹென்சன் செய்த பொம்மை அது. கண்ணுக்குப் பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டி ஒட்டினார். பல்லி மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். கழுத்தில் கூரான பட்டையும் காலில் சவ்வுப் பாதமும் சேர்ந்து அது தவளையானது 1960களின் இறுதியில். அந்த முதல் பொம்மை இப்போது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆட்டுபவர் மாறாமலேயே பல்லி தவளையாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆட்டுபவர் மாறாமல் குணம் மாறிய வேறு பொம்மைகள் உண்டா?

நிறைய. 1969 நவம்பர் 10 அன்று செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியபோது, மஞ்சள் பறவையான பிக் பேர்ட் ஓர் அசட்டுப் பட்டிக்காட்டான். தலையில் இறகும் அதிகம் கிடையாது. அதை ஆட்டிய கரோல் ஸ்பின்னிதான், இவனை முட்டாளாக்குவதைவிடக் குழந்தையாக்குவது நல்லது என்று யோசனை சொன்னார். அதன்பின் பிக் பேர்டின் தவறுகள் எல்லாம் சின்னக் குழந்தை செய்யும் தவறுகளாயின. பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். ஸ்பின்னியே ஆட்டிய ஆஸ்கர் என்ற இன்னொரு பொம்மை முதல் ஆண்டில் ஆரஞ்சு நிறம். மறு ஆண்டு பச்சையாகிவிட்டது.

மிஸ் பிக்கி முதலில் கூட்டத்தில் ஒருத்தி. தி மப்பெட் ஷோ 1976இல் தொடங்கிய புதிதில் அவளை ஃபிராங்க் ஓஸும் ரிச்சர்ட் ஹன்ட்டும் மாறி மாறி ஆட்டியிருக்கிறார்கள். கன்னத்தில் அறைய வேண்டிய ஓர் இடத்தில் ஓஸ் கராத்தே வெட்டு போட, அதிலிருந்து முழுக் குணமும் கிளைத்தது: மேலே நளினம், உள்ளே எரிமலை. எழுத்தாளர் எழுதியதல்ல, கை கண்டுபிடித்தது.

புதிதாக வந்தவர் கதாபாத்திரத்தை முற்றிலும் மாற்றிய உதாரணம்?

எல்மோதான். இப்போது அதைப் பார்ப்பவர்களுக்கு நம்புவது கடினம். அந்தச் சிவப்புப் பொம்மை 1970களிலிருந்தே செசமி ஸ்ட்ரீட்டின் மூலையில் பெயருக்கு இருந்தது. பிரையன் மியூல் கொஞ்சநாள் ஆட்டினார். பின்பு ரிச்சர்ட் ஹன்ட் கையில் அது கரகரத்த குரலில் கத்தும் குட்டி அரக்கன். ஹன்ட்டுக்கு அதில் ஈடுபாடு வரவில்லை. 1980களின் நடுவில் அதைக் கெவின் கிளாஷிடம் கொடுத்துவிட்டார்.

கிளாஷ் இரண்டு காரியம் செய்தார். கரகரப்பை எடுத்துவிட்டு உச்சக் கள்ளக்குரல் வைத்தார். கத்தும் பொம்மையைக் கட்டிப்பிடிக்கும் பொம்மையாக்கினார். துணி அதே, கண் அதே, மூக்கு அதே. ஆனால் 1996இல் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும் எல்மோ பொம்மைக்காக அமெரிக்கக் கடைகளில் அடிதடி நடந்தது. 1998இல் எல்மோவுக்கென்றே நிகழ்ச்சிக்குள் தனிப் பகுதி வந்தது. 2012 நவம்பரில் கிளாஷ் விலகினார். 2013 முதல் ரையன் டில்லன் ஆட்டுகிறார்.

கிளாஷுக்கு முன் எல்மோவை யாரும் நேசிக்கவில்லை; ஆகவே அவருக்கு முழுச் சுதந்திரம். டில்லன் வந்தபோது உலகத்துக்கே எல்மோ தெரியும். ஆகவே மயிரிழை பிசகவும் இடமில்லை. ஒரே பொம்மை, இரண்டு முற்றிலும் வேறான வேலைகள். அடுத்தவரை ஒப்பிட்டுத் திட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பிக் பேர்ட் உடைக்குள் ஆள் எப்படி நிற்கிறார்? ஆள் மாற்றுவது அங்கே சுலபமா?

வெளியே முகமே தெரியாததால் சுலபம் என்றுதான் தோன்றும். உள்ளே நிலைமை வேறு.

ஹென்சனின் வரைபடத்தைக் கொண்டு கெர்மிட் லவ் என்ற கைவினைஞர் கட்டிய உடை இது. (தவளைக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.) உயரம் 8 அடி 2 அங்குலம். மேலே சுமார் 4,000 வான்கோழி இறகுகள், மஞ்சள் சாயம் ஏற்றியவை. ஆட்டுபவரின் வலக்கை தலைக்கு மேலே நேராக நீண்டு பறவையின் தலைக்குள் போகும். மூன்று விரல்களும் கட்டைவிரலும் சேர்ந்து அலகைத் திறந்து மூடும்போதே சுண்டுவிரல் ஒரு நெம்புகோலை இழுத்து இமையை அசைக்க வேண்டும். இடக்கை இடது சிறகுக்குள். வலது சிறகுக்குள் கை கிடையாது. தூண்டில் நரம்பு ஒன்று கழுத்தடி வளையத்தின் வழியாக இரு சிறகுகளையும் இணைக்கிறது. இடது இறங்கினால் வலது ஏறும்.

வெளியே பார்க்க ஓட்டை இல்லை. மார்பில் கட்டிய சின்னஞ்சிறு திரையில் கேமரா காட்டுவதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வசனத்தாள் உள்ளே ஒட்டியிருக்கும். கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்த நேரத்தில் குருடு.

அதனால்தான் வோகல் 1996இலேயே ஸ்பின்னிக்கு மாற்றாளாகப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 2015 வாக்கில் உடல் சமநிலை ஒத்துழைக்காததால் ஸ்பின்னி உடையை விட்டார். ஆனால் குரல் கொடுப்பதை 2018இல் ஓய்வு பெறும்வரை விடவில்லை. இடைப்பட்ட காலத்தில் நடை வோகலுடையது, பேச்சு ஸ்பின்னியுடையது. பெரும்பாலான பார்வையாளர்கள் கவனிக்கவே இல்லை. செசமி ஸ்ட்ரீட்டின் இன்னொரு பொம்மையான கவுன்ட் வான் கவுன்டும் இப்படித்தான்: ஜெர்ரி நெல்சன் உடல்நலம் குன்றியபின் குரல் மட்டும் தந்தார், கை வோகலுடையது, 2012இல் நெல்சன் இறந்தபின் குரலும் வோகலுக்கு வந்தது.

குரலும் கையும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது முரண் இல்லையா என்றால், இல்லை. அருகிலேயே பல ஆண்டு நின்று அந்த மூச்சைப் பழகிய கை அது. வழியில் போகிறவரைக் கூப்பிட்டுச் செய்ய முடியாது.

மப்பெட்டுகள் எல்லாம் இடக்கைப் பழக்கமா?

பெரும்பாலும். ஆட்டுபவரின் வலக்கை தலைக்குள் போய்விடுவதால் மிச்சமிருப்பது இடக்கை. அது பொம்மையின் இடக்கையை அசைக்கும்.

செசமி ஸ்ட்ரீட்டின் எர்னியை ஆட்ட ஏன் இரண்டு பேர்?

கையின் அமைப்பை வைத்துப் பார்த்தால் மப்பெட்டுகளில் இரண்டு வகை. கெர்மிட், பெர்ட், மிஸ் பிக்கி போன்றவற்றின் கைகளில் மெல்லிய கம்பி இருக்கும். ஒரே ஆள் சமாளிக்கலாம். எர்னி, குக்கி மான்ஸ்டர், ஃபாஸி கரடி போன்றவற்றுக்குக் கையுறை மாதிரி நிஜக் கை. தலையும் இடக்கையும் தலைமைக் கலைஞருடையவை, வலக்கை உதவியாளருடையது. ஸ்வீடிஷ் செஃப் விசித்திரம்: தலையும் குரலும் ஹென்சன், இரண்டு கையும் ஓஸ். தலைக்குத் தெரியாமல் கை எதையாவது தூக்கி எறியும், தலை திகைக்கும். பாதிச் சிரிப்பு அந்தத் திகைப்பில் வந்ததுதான்.

வலக்கைப் பணி என்பது இந்தத் தொழிலின் குருகுலம். புதியவர் பல ஆண்டு வேறொருவரின் அக்குள் அருகே ஒட்டி நின்று ஒற்றைக் கையை மட்டும் ஆட்டுவார். எப்போது மூச்சு இழுக்கிறார், எந்தத் தோள் அசைவுக்குப் பிறகு தலை திரும்பும் என்று உடம்போடு உடம்பாகக் கற்பார். ஒளிப்பதிவில் இது தெரியாது.

எர்னிக்கு இன்னொரு சிக்கல். அவன் பாதி, பெர்ட் மறுபாதி. எர்னியை ஆட்டிய ஹென்சனும் பெர்ட்டை ஆட்டிய ஓஸும் நிஜ வாழ்விலேயே ஒருவரையொருவர் சீண்டும் நண்பர்கள். அந்தத் தாளம் பொம்மைகளுக்கு இறங்கியது. ஓஸிடமிருந்து பெர்ட்டை 1997இல் எரிக் ஜேக்கப்சன் ஏற்றார். எர்னி 1993 முதல் விட்மயர், 2017 முதல் பீட்டர் லின்ஸ். ஒருவர் மாறும்போதெல்லாம் மற்றவரும் தன் தாளத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரட்டையரில் ஒருவரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவர் அப்படியே இருப்பார் என்று நினைப்பது தவறு.

பழைய கதாபாத்திரத்தை ஏற்பவர் எப்படித் தயாராக வேண்டும்? எங்கள் குழுவில் ஒருவர் விலகுகிறார்.

பின்வரும் வரிசை பயன்படும். நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

1. பழைய பதிவுகளை முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். தலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அசைகிறது, கேட்கும்போது சாய்கிறதா, பேசும் முன் எதிராளியைப் பார்க்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொம்மை சும்மா இருக்கும் நொடிகள்தான் குணத்தைக் காட்டும்.

2. பிறகு படமில்லாமல் கேளுங்கள். வசனத்தை விடுங்கள், சிரிப்பு, இழுவை, "ம்ம்", மூச்சு இவற்றைப் பிடியுங்கள். குரல் மூக்கிலிருந்தா, தொண்டையிலிருந்தா, நெஞ்சிலிருந்தா என்று இடத்தைக் கண்டுபிடித்தால் சுருதி தானே வரும். சுருதியை மட்டும் பிடித்தால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டும்.

3. விலகுபவர் இருக்கும்போதே கேளுங்கள். "எப்படிச் செய்வீர்கள்" என்பதைவிட "இந்தப் பொம்மைக்கு எதைக் கண்டால் பயம், எதற்காகப் பொய் சொல்லும்" என்று கேட்டால் அதிகம் கிடைக்கும்.

4. கையைத் தலைக்கு மேல் நீட்டி, மணிக்கட்டை முன்னால் மடக்கி நிறுத்துங்கள். முதல் நாள் 1 நிமிடம், மெல்ல மெல்ல 5 நிமிடம். தோள் எரிந்தால் இறக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவர்கள் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்வார்கள்.

5. உயரம் பாருங்கள். பழையவர் ஆறடி, புதியவர் ஐந்தடி என்றால் பொம்மை திடீரென்று குள்ளமாகும். தடித்த அடி வைத்த செருப்போ மேடையோ போட்டுச் சமப்படுத்துவது தொழிலில் வழக்கமானது.

6. முதல் நிகழ்ச்சியில் அந்தப் பொம்மையின் பேர்போன வசனத்தைச் சொல்லாதீர்கள். எல்லோரும் அதற்காகவே காத்திருப்பார்கள், ஒப்பிடுவார்கள். புது வசனத்தில் பழகவிட்டுப் பிறகு கொண்டுவாருங்கள்.

வாயசைப்பில் வரும் வழக்கமான தவறு என்ன?

சொல்லைக் கடிப்பது. ஒலி வரும்போது வாய் மூடி, ஒலி நின்றதும் திறப்பது. கை இயல்பாகவே மூடுவதில்தான் பலம் காட்டும். அதனால் அழுத்தம் வரும் இடத்தில் மூடிவிடுகிறது. திறப்பில் அழுத்தம் கொடுக்கப் பழக வேண்டும். அதுவும் கட்டைவிரலைக் கீழே இறக்கித் திறக்க வேண்டும். நான்கு விரலை மேலே தூக்கினால் தாடைக்குப் பதில் மண்டை திறக்கும், கண் வானத்தைப் பார்க்கும்.

தமிழில் ஆட்டுபவர்களுக்கு நம் எழுத்துமுறையே துணை. உயிர் வந்தால் திற, மெய் வந்தால் மூடு. நெடிலுக்கு முழுவாய், குறிலுக்கு அரைவாய். "அம்மா" என்றால் அரைத் திறப்பு, மூடல், முழுத் திறப்பு. "பப்பாளி" சொல்லிப் பாருங்கள்: பப், பா, ளி மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வேகமான பேச்சில் எல்லா அசைக்கும் திறந்தால் வாத்து கொறிப்பது போலாகிவிடும். அப்போது நெடில்களை மட்டும் பிடித்தால் போதும்.

மானிட்டர் பார்த்து ஆட்டுவது ஏன் கடினம்?

மானிட்டர் என்பது கேமரா பிடிக்கும் படம் தெரியும் திரை, கண்ணாடி இல்லை. கண்ணாடியில் பழகிய கை மானிட்டரில் எதிர்ப்பக்கம் போகும். பொம்மை திரையின் வலப்பக்கம் போக வேண்டும் என்றால் நீங்கள் இடப்பக்கம் போக வேண்டும். படத்தைத் திருப்பிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ள ஆசை வரும். வேண்டாம்; அரங்கத்தில் எல்லோருக்கும் ஒரே படம்தான். வாரக்கணக்கில் தடுமாறிவிட்டு ஒருநாள் திடீரென்று பிடிபடும்.

பொம்மையும் மாறுகிறதா?

கட்டாயம். ஒரே கெர்மிட் 70 ஆண்டு உழைப்பதில்லை. ஃபோம் காற்றிலும் வெயிலிலும் வியர்வையிலும் பட்டுச் சில ஆண்டுகளில் பொடியும். மீண்டும் மீண்டும் புதிதாகச் செய்கிறார்கள். அச்சு அதேதான் என்றாலும் துணியின் சாயம் ஒரு தடவைக்கு மறுதடவை சற்று மாறும். அதைவிட ஆபத்து கண். இரண்டு கண்மணிகளும் மூக்கோடு அமையும் முக்கோணம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்வை சிதறி, பொம்மை யாரையும் பார்க்காமல் வெறிக்கும். மப்பெட் பட்டறையின் டான் சாலின் இந்தக் கண் பொருத்தத்துக்காகவே பேர் வாங்கியவர்.

புதியவர் ஆட்டுவது சரியில்லை என்று வரும் புகார்களில் ஒரு பங்கு உண்மையில் புதுத் தலையின் குற்றம்.

ஆட்டுபவர் இறந்தால் கதாபாத்திரத்தையும் நிறுத்திவிடுவது மரியாதை இல்லையா?

இரண்டும் நடந்திருக்கிறது. செசமி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் இறந்தார். அவர் மனித நடிகர். வேறு ஆளைப் போடாமல், ஹூப்பர் இறந்துவிட்டார் என்று மறு ஆண்டு பிள்ளைகளுக்கு நேராகவே சொன்னார்கள். பிக் பேர்டுக்கு அது புரியாமல் போவதும் பெரியவர்கள் விளக்குவதும் அந்த நிகழ்ச்சியின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று.

பொம்மைக்கு அப்படிச் செய்ய முடியவில்லை. ஹென்சன் இறந்தபின் அவர் ஆட்டிய ரௌல்ஃப் நாய் சில ஆண்டுகள் பேசாமலே இருந்தது. படத்தில் ஓரமாகப் பியானோ முன் உட்கார்ந்திருக்கும். 1996 முதல் பில் பாரெட்டா பேசவைத்தார். அந்த மௌனம், எங்கள் பார்வையில், எந்த அறிக்கையையும்விட நல்ல அஞ்சலி. கெர்மிட்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மொத்தக் கூட்டத்துக்கும் கெர்மிட்தான் நடு அச்சு.

விட்மயர் ஏன் விலகினார்?

விலக்கப்பட்டார். 2004இல் மப்பெட்டுகளை டிஸ்னி வாங்கியது. 2016 அக்டோபரில் அவரிடம் சொல்லப்பட்ட முடிவு 2017 ஜூலையில் வெளியே வந்தது. நடத்தை சரியில்லை என்றது நிறுவனம். கதாபாத்திரத்தின் நேர்மைக்காகக் குறிப்புகள் சொன்னதுதான் தன் குற்றம் என்ற வகையில் அவர் மறுத்தார். கதாபாத்திரத்தை உள்ளுக்குள் அறிந்தவர் ஒருவர், அதன் உரிமைப் பத்திரம் இருப்பது வேறிடத்தில். இந்த இழுபறி இனியும் வரும்.

எர்னி, பெர்ட், எல்மோ முதலியவை டிஸ்னியிடம் இல்லை. செசமி நிறுவனத்திடம் இருக்கின்றன. ஒருகாலத்தில் செசமி ஸ்ட்ரீட்டில் செய்தியாளராகத் திரிந்த கெர்மிட் இப்போது அங்கே விருந்தாளி ஆனதற்கு இதுவே காரணம்.

குக்கி மான்ஸ்டரைக் காய்கறி மான்ஸ்டர் ஆக்கிவிட்டார்களாமே?

வதந்தி. 2005இல் பிஸ்கட்டை எப்போதாவது சாப்பிடலாம் என்ற பாட்டு வந்தது. பெயர் மாறவில்லை, பசியும் மாறவில்லை. மாற்றம் எழுத்தாளர் மேசையிலிருந்து வந்தது; 2001 முதல் அதை ஆட்டும் டேவிட் ரட்மன் மேல் பழி போடாதீர்கள்.

மற்ற மரபுகளில் கைமாற்றம் எப்படி?

ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டமான புன்ராகுவில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால் ஒருவர். கால் பத்து ஆண்டு, இடக்கை பத்து ஆண்டு என்பது அங்கே வழக்குமொழி. கலைஞரின் பெயரே வாரிசுக்குப் போகும். 2006இல் மறைந்த யோஷிதா தமாவோவின் பெயரை அவருடைய சீடர் 2015இல் ஏற்று இரண்டாம் தமாவோ ஆனார். அங்கே கைமாற்றத்தை மறைப்பதில்லை, விழா எடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் சூட்டி என்ற கரடிக்குட்டி. 1948இல் பிளாக்பூல் கடற்பாலத்தில் ஹாரி கார்பெட் வாங்கியது. 1970களின் நடுவில் மகன் மேத்யூவுக்குப் போனது, அவருக்குப் பின் ரிச்சர்ட் கேடல். சூட்டி பேசாது, ஆட்டுபவர் பக்கத்திலேயே முகம் காட்டி நிற்பார். குரல் பொருத்தம் என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் அப்பா போய் மகன் வந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

நம் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இப்படித்தான் தலைமுறை தாண்டி வந்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் இந்தக் கோமாளிகளுக்கும் குரல் கொடுக்கிறார். அதனால் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்போது ஒரு பாத்திரம் மட்டும் மாறாது. முழு இராமாயணத்தின் தொனியும் ஒரே இரவில் மாறும். கதைநாயகர்களின் பேச்சு பாட்டில் கட்டுண்டது. கோமாளிகளின் பேச்சு அன்றன்றைய ஊர்ப்பேச்சு. ஆகவே மாற்றம் முதலில் காதில் விழுவது உச்சிக்குடும்பனிடம்தான்.

எங்கள் பழைய பொம்மையை அடுத்தவருக்காகப் பாதுகாப்பது எப்படி?

ஆட்டி முடித்ததும் உள்ளே ஈரம் இருக்கும். உடனே பெட்டியில் வைக்காதீர்கள். நிழலில் வாய் திறந்தபடி ஓர் இரவு காயவிடுங்கள். வெயில் வேண்டாம், ஃபோம் மஞ்சளாகி நொறுங்கும். தலைக்குள் அமிலமில்லாத தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், இல்லையென்றால் படுத்த பக்கமே தலை சப்பையாகிவிடும். கைக்கம்பிகளைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். துரு துணியில் இறங்கினால் போகாது. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பருத்தித் துணி போதும்.

வெட்டு அச்சுகளை அட்டையில் வரைந்து தேதி போடுங்கள். துணியில் ஒரு சாண் துண்டு மிச்சம் வையுங்கள். கண்மணி மூக்கிலிருந்து எவ்வளவு தூரம், எந்தச் சாய்வு என்று அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். கடைசியாக, இப்போது ஆட்டுபவரைச் சாதாரணமாக அரை மணி நேரம் அந்தக் குரலில் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். நிகழ்ச்சிப் பதிவுகளில் கிடைக்காத தும்மலும் கொட்டாவியும் அதில் கிடைக்கும்.